வரைபடக் கால்குலேட்டர்: திரையை எவ்வளவு நம்பலாம்?

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரை ரேடியன் நிலையில் வைத்து, கிடை அச்சின் எல்லைகளை 0 என்றும் 2 பை என்றும் கொடுத்து, எக்ஸை 94 ஆல் பெருக்கி அதன் சைன் மதிப்பை வரையச் சொன்னால், கிடை அச்சின் மேலேயே படிந்த ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தச் சார்போ அதே இடைவெளிக்குள் 94 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் 1 வரை உயர்ந்து -1 வரை தாழ்கிறது. 94 இருந்த இடத்தில் 95 என்று போட்டால், ஒரே ஒரு முறை ஏறி இறங்கும் அழகான அலை தெரியும். சாதாரண சைன் வளைகோட்டுக்கும் அதற்கும் திரையில் எந்த வேறுபாடும் இராது. 93 என்று போட்டால் அதே அலை தலைகீழாக வரும். கருவியில் பழுது எதுவும் இல்லை. அது கணக்கிட்ட ஒவ்வொரு மதிப்பும் சரியானதே. ஆனாலும் திரையில் உள்ள படம் பொய். கல்லூரிப் படிப்புக்காக வரைபடக் கால்குலேட்டர் வாங்க நினைக்கும் மாணவர் கடையில் நிறம், நினைவகம், பேட்டரி என்று விசாரிப்பதற்கு முன்பு, இந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கருவியின் திரை அகலவாக்கில் 96 புள்ளிகளும் உயரவாக்கில் 64 புள்ளிகளும் கொண்டது. அவற்றில் வரைபடத்துக்குப் பயன்படுபவை 95 நிரல்கள். நிரலுக்கு ஒன்றாக 95 எக்ஸ் மதிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு, கிடைத்த புள்ளிகளை அடுத்தடுத்துக் கோடிட்டு இணைப்பதோடு அதன் வேலை முடிகிறது. 95 நிரல்களுக்கு நடுவே 94 இடைவெளிகள். ஆகவே ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்குப் போகும்போது எக்ஸ் கூடும் அளவு, 2 பையை 94 ஆல் வகுத்த ஈவு. 94 முறை அலையும் சார்பு அந்த ஒரு எட்டுக்குள் முழு அலையையும் முடித்துக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. கருவி எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யமே இருப்பதால் அது நேர்கோடு போடுகிறது. ஓர் அலையை அடையாளம் காண, ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு மாதிரிகளுக்கு மேல் வேண்டும். தந்தி பற்றி 1928இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதிய ஆய்வில் இந்த விதியின் வேர் இருக்கிறது; 1949இல் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் அதை நிறுவினார். மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 20,000 என்பதால்தான் இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதிகிறார்கள். 94 இடைவெளிகள் கொண்ட திரையில் இந்த எல்லை 47. அதற்கு மேற்பட்ட அலைகளை அந்தத் திரையால் உள்ளபடி காட்டவே முடியாது.

வண்ணத்திரை கொண்ட டிஐ-84 பிளஸ் சிஇ மாடலில் வரைபடத்துக்கு 265 நிரல்கள் உண்டு. அதில் 94 அலைகளும் ஓரளவு தெரியும். ஆனால் 264 என்று போட்டால் மீண்டும் நேர்கோடு. 265 என்று போட்டால் மீண்டும் சாதாரண சைன் அலை. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் திரை இந்தக் குறையைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். எண்ணிலடங்கா புள்ளிகள் கொண்ட ஒரு சார்பைச் சில நூறு மாதிரிகளை வைத்துச் சொல்ல முயலும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். ஆகவே திரையில் வரும் வளைகோட்டைச் சார்பு என்று எண்ணாமல், சார்பைப் பற்றிய ஒரு சாட்சியம் என்று எண்ண வேண்டும் என்பது என் வாதம். சாட்சியத்தை விசாரிக்கலாம், வேறு சாட்சியங்களோடு ஒப்பிடலாம், முரண்பட்டால் தள்ளலாம். அப்படி விசாரிக்கத் தெரிந்தவருக்கு மலிவான கருவியும் போதும். தெரியாதவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அபாயம்தான்.

இந்தக் கருவியைக் கல்வியில் கொண்டுவரப் பாடுபட்டவர்களே இதை முதலில் சொன்னவர்களும் ஆவார்கள். 1985இல் காசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி முதல் வரைபடக் கால்குலேட்டர். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிராங்க்ளின் டெமானாவும் பெர்ட் வெயிட்ஸும் இந்தக் கருவியை மையமாக வைத்துக் கணிதம் கற்பிக்கும் இயக்கத்தின் முன்னோடிகள். அவர்கள் இருவரும் 1988லேயே, கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில், கணினி வரைபடங்களில் உள்ள குழிகள் பற்றியும் ஒரே ஒரு வரைபடம் ஏன் போதாது என்பது பற்றியும் கட்டுரை எழுதினார்கள். 1990இல் டிஐ-81 வந்தது. 1995இல் அமெரிக்காவின் ஏபி நுண்கணிதத் தேர்வு வரைபடக் கால்குலேட்டரைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு கருவி பரவிய வேகத்துக்கு அந்த எச்சரிக்கை பரவவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். வந்தது உண்மைதானா என்று சரிபார்க்கக் கற்றுத்தருபவை மிகக் குறைவு.

கல்லூரிப் பாடத்தில் 94 அலைகள் எங்கே வரப்போகின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எடுத்துக்காட்டு குறையை அம்மணமாகக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்றாடப் பாடங்களில் அதே குறை அடக்கமாக வரும். எக்ஸின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்து, அதை எக்ஸ் கழித்தல் 1 ஆல் வகுக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம். எல்லை என்ற கருத்தைச் சொல்லித்தரும் முதல் வாரத்திலேயே இது வந்துவிடும். எக்ஸ் 1 ஆகும்போது வகுக்கும் எண் பூஜ்யம் என்பதால் அங்கே சார்புக்கு மதிப்பே கிடையாது. வரைபடத்தில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும். டிஐ-84 பிளஸ்ஸில் -10 முதல் 10 வரையிலான வழக்கமான சாளரத்தில் வரைந்தால் ஓட்டை இல்லாத முழு நேர்கோடு வருகிறது. ஒவ்வொரு எட்டும் 20ஐ 94 ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 0.213, அந்த எட்டுகளில் எதுவும் சரியாக 1இல் விழுவதில்லை. சாளரத்தை -4.7 முதல் 4.7 வரை மாற்றினால் ஒவ்வொரு எட்டும் சரியாக 0.1. ஒரு நிரல் 1இன் மீதே விழுகிறது, ஓட்டை தெரிகிறது. கருவியில் இதற்கென்றே தசமச் சாளரம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. -4.7 என்ற விசித்திரமான எண் எதற்கு என்று யோசிக்காமலேயே பல மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 94ஐப் பத்தால் வகுத்து இரு பக்கமும் பங்கிட்டது அது. தொலைத் தொடுகோடு உள்ள சார்புகளுக்கும் இதே கதைதான்: ஒரு நிரலில் மிகப் பெரிய மிகை எண், அடுத்த நிரலில் மிகப் பெரிய குறை எண் என்று வந்தால், பழைய மாடல்கள் இரண்டையும் இணைத்து ஏறத்தாழச் செங்குத்தான கோடு ஒன்றைப் போட்டுவிடும். அந்தக் கோடு வரைபடத்தின் பகுதி என்று விடைத்தாளில் வரைபவர் கருவியின் கோட்டைப் படியெடுக்கிறார். சார்பை அறிந்து வரையவில்லை.

வரைவதில் மட்டும் இந்தச் சிக்கல் இருந்தால் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். எண்ணாக வரும் விடையிலும் அது ஒளிந்திருக்கிறது. டிஐ-84இல் வகைக்கெழு கேட்டால், கருவி வகையிடல் விதிகளைப் பயன்படுத்துவதில்லை. நாம் கேட்ட புள்ளிக்கு வலப்புறம் 0.001 தள்ளி ஒரு மதிப்பு, இடப்புறம் 0.001 தள்ளி ஒரு மதிப்பு எடுத்து, வித்தியாசத்தை 0.002 ஆல் வகுக்கிறது. மென்மையான சார்புகளுக்கு இது மிக நல்ல தோராயம். ஆனால் எக்ஸின் மட்டு மதிப்பைக் கொடுத்துப் பூஜ்யத்தில் வகைக்கெழு கேட்டால், இரு புறமும் 0.001 என்ற ஒரே மதிப்பு வருவதால் விடை 0 என்கிறது. அங்கே வளைகோட்டில் கூர்மையான முனை இருக்கிறது, வகைக்கெழுவே கிடையாது. ஒன்றை எக்ஸால் வகுக்கும் சார்புக்குப் பூஜ்யத்தில் கேட்டால் நிலைமை இன்னும் மோசம்: வலப்புறம் 1000, இடப்புறம் -1000, வித்தியாசம் 2000, அதை 0.002 ஆல் வகுத்தால் 10 லட்சம். சார்புக்கு மதிப்பே இல்லாத இடத்தில் அதன் சரிவு 10 லட்சம் என்று கருவி அடித்துச் சொல்கிறது. எண்வழித் தொகையீடும் இப்படித்தான்: இடைவெளிக்குள் சில புள்ளிகளைத் தேர்ந்து கூட்டுகிறது, மிகக் குறுகிய முகடு ஒன்று அந்தப் புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் அது கணக்கில் சேராமல் போகலாம். மூலம் தேடும் கட்டளைகள் சார்பு மிகையிலிருந்து குறைக்கு மாறும் இடத்தைத் தேடுபவை என்பதால், அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வளைகோட்டில் அவை தடுமாறும்.

இலக்கங்களுக்கும் எல்லை உண்டு. டிஐ-84 ஓர் எண்ணை உள்ளே 14 தசம இலக்கங்களில் வைத்துக்கொள்கிறது, திரையில் 10 இலக்கங்களைக் காட்டுகிறது. 10இன் 14ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டிவிட்டு, மீண்டும் 10இன் 14ஆம் அடுக்கைக் கழித்தால் விடை 1 வர வேண்டும், 0 வருகிறது. கூட்டிய 1ஐ எழுதப் பதினைந்தாவது இலக்கம் தேவை, அதற்கு இடமில்லை. நுண்கணிதத்தில் இதன் விளைவு நேரடியானது. ஒன்றிலிருந்து எக்ஸின் கொசைனைக் கழித்து எக்ஸின் வர்க்கத்தால் வகுத்தால், எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது அதன் எல்லை 0.5. இதைக் கருவியில் சோதிக்க 0.1, 0.01, 0.001 என்று சிறிய எண்களைப் போட்டுக்கொண்டே போனால் விடை 0.5ஐ நெருங்கி வரும். உற்சாகத்தில் இன்னும் சிறியதாக, 10இன் -8ஆம் அடுக்கைப் போட்டால் விடை திடீரென்று 0 ஆகிவிடும். கொசைன் மதிப்பு 1க்கு அவ்வளவு அருகில் இருப்பதால் கருவி அதை 1 என்றே எழுதிவிடுகிறது. மேசைக் கணினியின் வழக்கமான எண்முறையும் இதே கணக்கில் இதே இடத்தில் 0 என்றுதான் சொல்லும். நெருங்க நெருங்கத் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை ஒரு கட்டத்துக்குப் பிறகு எந்தக் கருவியிலும் செல்லாது.

இத்தனை குறைகள் உள்ள கருவி எதற்கு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புள்ளியியல் வகுப்பில் அதன் பெருமை தெரியும். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, பொருத்தப்படும் கோடும் ஒன்றேதான், சரிவு 0.5, வெட்டுத்துண்டு 3. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் இரட்டைப் பிள்ளைகள். வரைந்து பார்த்தால் முதலாவது நேர்கோட்டைச் சுற்றிய சிதறல், இரண்டாவது தெளிவான வளைகோடு, மூன்றாவது ஒரே ஒரு விலகிய புள்ளியால் கெட்டுப்போன நேர்கோடு, நான்காவதில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே எக்ஸ் மதிப்பில் செங்குத்தாக நிற்கின்றன. வரைபடக் கால்குலேட்டரில் இந்தத் தரவை ஏற்றிச் சிதறல் படம் போட ஓரிரு நிமிடங்கள் ஆகும். இங்கே மாதிரிப் பிரச்சினையே கிடையாது, தரவே புள்ளிகள்தான். இயல்நிலைப் பரவலின் அட்டவணையைப் புரட்டும் வேலையும் மிச்சம். இங்கும் ஒரு கண்ணி உண்டு. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களைக் கொடுத்தால் கருவி இரண்டு திட்ட விலக்கங்களைக் காட்டும்: 2 என்று ஒன்று, 2.138 என்று ஒன்று. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களது கூடுதலான 32ஐ எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது முதலாவது, ஏழால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது இரண்டாவது. கையில் இருப்பது முழுத் தொகுதியா, அதிலிருந்து எடுத்த கூறா என்பதைக் கருவி அறியாது. அதை அறிந்த மாணவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. அமெரிக்கக் கல்லூரிகளிலும், அங்கே போவதற்கு முந்தைய ஏபி, ஐபி பாடங்களிலும் படிப்பவர்களுக்குத்தான் இது பெரிதும் எழும். சிங்கப்பூரின் மேல்நிலைத் தேர்வான ஹெச்2 கணிதமும் மாணவர் கையில் வரைபடக் கால்குலேட்டர் இருக்கும் என்ற அடிப்படையிலேயே வினாத்தாள் அமைக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது தெரிந்த கருவி. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பொறியியல் கல்லூரித் தேர்வுகளில் நிரல் எழுத முடியாத அறிவியல் கால்குலேட்டர்தான் வழக்கம். கேட் தேர்வில் கணினித் திரையிலேயே தோன்றும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். எங்கே படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தேர்வு விதி. கருவியின் திறன் பட்டியல் அதற்குப் பிறகு. ஏபி நுண்கணிதத் தேர்வில் கருவியிடம் எதிர்பார்ப்பது நான்கே வேலைகள்: கேட்ட சாளரத்தில் வரைவது, மூலம் காண்பது, வகைக்கெழுவையும் வரையறுத்த தொகையீட்டையும் எண்ணாகக் கணக்கிடுவது. 100 டாலரைத் தாண்டும் டிஐ-84 பிளஸ் சிஇயும், அதைவிட வெகு மலிவான காசியோ எஃப்எக்ஸ்-9750ஜிIIIஉம் இந்த நான்கையும் செய்கின்றன. அந்தத் தேர்வின் 45 கொள்குறி வினாக்களில் 15க்கும், 6 விரிவான வினாக்களில் 2க்கும்தான் கருவிக்கு அனுமதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு எவ்வளவு மெலிந்தது என்று விளங்கும். பொறியியல் மாணவர் இன்னும் தொலைவாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொறியாளர் உரிமம் பெறுவதற்கான முதல் தேர்வில் வரைபடக் கால்குலேட்டருக்கே இடமில்லை. காசியோ எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991 வகைகளும் டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ் வகைகளும் ஹெச்பியின் இரண்டு மாடல்களும் மட்டுமே செல்லும். நம் ஊர்ப் பொறியியல் மாணவர் பையில் கிடக்கும் எஃப்எக்ஸ்-991தான் அங்கும் கடைசிவரை கூட வரும் கருவி.

அப்படியானால் ஒரேயடியாக, எழுத்துக் கணிதமும் செய்யும் டிஐ-89, டிஐ-என்ஸ்பயர் சிஏஎஸ், ஹெச்பி பிரைம் போன்றவற்றில் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும். அவை வகையிடல் விதிகளைக் குறியீடுகளாகவே செயல்படுத்தும், 0.001 தள்ளிப் பார்க்கும் வேலையும் 14 இலக்கச் சிக்கலும் பெரும்பாலும் இராது. கருவியாக மதிப்பிட்டால் அவை உயர்ந்தவை, ஐயமில்லை. ஆனால் ஏசிடி போன்ற தேர்வுகளில் இந்த வகைக்குத் தடை இருந்துவந்திருக்கிறது. பல கல்லூரிகளின் முதலாண்டு நுண்கணிதத் தேர்வுகளிலும் அனுமதி கிடைக்காது. அந்தத் தேர்வுகள் சோதிக்கும் திறமையையே கருவி செய்துவிடுகிறது என்பதுதான் காரணம், அந்தக் காரணம் சரியானதும்கூட. வீட்டில் விடையைச் சரிபார்க்க எழுத்துக் கணிதம் வேண்டுமென்றால் மாக்சிமா போன்ற மென்பொருள்கள் கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு அறைக்குள் கொண்டுபோக முடியாத கருவிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கையில் அலைபேசி இருக்கும்போது கருவியே எதற்கு? டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் இலவசம்; திரை பெரியது; விரலால் தேய்த்தால் சாளரம் மாறும். கற்கும் கருவி என்ற அளவில் இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். சாளரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை அவை எளிதாக்குகின்றன; அந்தப் பழக்கத்தைத்தான் நான் வலியுறுத்துகிறேன். அமெரிக்காவில் 2024இல் கணினி வழிக்கு மாறிய சாட் தேர்வு டெஸ்மாஸைத் தேர்வுத் திரையிலேயே தந்துவிட்டது. அங்கே தனிக் கருவியின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய நன்மை. வகுப்பில் கருவி கட்டாயமில்லை என்றால் வாங்காமலே இருப்பதுதான் சரியான தேர்வு என்பேன். ஆனால் மென்பொருளுக்கு மாறுவதால் திரையை விசாரிக்கும் கடமை நீங்கிவிடாது. அவற்றுக்கும் திரை நிரல்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவைதான். நிரல்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அலையும் சார்பைக் கொடுத்தால் அலை தெரியாது. நிறம் நிரம்பிய பட்டையோ சார்பில் இல்லாத கோலங்களோதான் தெரியும்.

பழைய மறுப்பு ஒன்றும் இன்னும் உயிரோடு இருக்கிறது: கருவி பழகினால் கைக்கணக்கு மழுங்கிவிடும். ஏமி எலிங்டன் 2003இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 54 ஆய்வுகளை ஒன்றாக வைத்து இதை அலசியது. கற்பித்தலிலும் தேர்விலும் கால்குலேட்டர் இரண்டறக் கலந்திருந்தபோது மாணவர்களின் செயல்முறைத் திறனும் தீர்வு காணும் திறனும் உயர்ந்தன. தேர்வில் கருவி இல்லாதபோது முடிவுகள் கலவையாக இருந்தன. எந்த நிலையிலும் கருவி திறமையின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. இந்த ஆய்வுகள் கல்லூரிக்கு முந்தைய வகுப்புகளைப் பற்றியவை என்பதை மறக்கக் கூடாது. கல்லூரிக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. இருந்தாலும் மழுங்கல் என்ற அச்சத்துக்கு அவற்றில் ஆதாரம் இல்லை. எனக்கு இருக்கும் கவலை வேறு. கைக்கணக்கை மறந்தவர் தேர்வில் தோற்று விழித்துக்கொள்வார். திரையை அப்படியே நம்புபவருக்கோ பெரும்பாலான நேரம் சரியான விடையே வந்துகொண்டிருக்கும். தவறானது வரும் நாளில் அதை அடையாளம் காட்ட எதுவும் இராது.

பயன்படுத்தும் முறையில் சில, விதி அளவுக்கு முக்கியமானவை. சைன் சார்பை வழக்கமான சாளரத்தில் வரையும்போது ஏறத்தாழத் தட்டையான கோடு வந்தால் கருவி பாகை நிலையில் இருக்கிறது என்று பொருள். 10 பாகையின் சைன் 0.17தான். அந்த நிலையில் கேட்ட வகைக்கெழுவும் கெட்டுப்போகும்: பூஜ்யத்தில் 1 வர வேண்டிய இடத்தில் பையை 180 ஆல் வகுத்த 0.01745 வரும். இடைநிலை விடைகளைத் தாளில் எழுதி மூன்று தசமங்களுக்குச் சுருக்கி மீண்டும் உள்ளிடக் கூடாது. கருவியின் நினைவில் வைத்து, கடைசியில் மட்டும் சுருக்க வேண்டும். 6 வகுத்தல் 2, உடனே அடைப்புக்குறிக்குள் 1 கூட்டல் 2 என்று பெருக்கல் குறி போடாமல் உள்ளிட்டால் காசியோவின் பல மாடல்கள் 1 என்கின்றன, டிஐ-84 9 என்கிறது. குறி போடாத பெருக்கலை வகுத்தலுக்கு முன்பு செய்வதா என்பதில் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. அடைப்புக்குறியைத் தாராளமாகப் போடுபவருக்கு இந்தச் சண்டை ஒரு பொருட்டே இல்லை. ஆசிரியர் வகுப்பில் காட்டும் மாடலையே வாங்குவதில் உள்ள நன்மையும் இதுதான்: பொத்தான்களோடு சேர்த்து, அந்த மாடல் எங்கே வழுக்கும் என்பதும் வகுப்பில் தெரியவரும்.

விசாரணை என்று நான் சொல்வது நடைமுறையில் எப்படி இருக்கும்? 2இன் எக்ஸ் அடுக்கும், எக்ஸின் 10ஆம் அடுக்கும் எத்தனை இடங்களில் சமமாகும் என்று ஒரு கேள்வி. -10 முதல் 10 வரை வரைந்தால் இரண்டு வெட்டுப்புள்ளிகள் கிடைக்கின்றன, -0.94க்கு அருகே ஒன்று, 1.08க்கு அருகே ஒன்று. வலது ஓரத்தில் எக்ஸ் 10 ஆகும்போது முதல் சார்பு 1024, இரண்டாவது 1000 கோடி. இவ்வளவு பின்தங்கிய சார்பு எப்படி எட்டிப் பிடிக்கும் என்று திரை கேட்கிறது. ஆனால் அடுக்கில் எக்ஸ் உள்ள சார்பு, எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் எங்கோ ஓரிடத்தில் தாண்டியே தீரும் என்று பாடம் சொல்கிறது. பாடம் சரியென்றால் மூன்றாவது வெட்டுப்புள்ளி ஒன்று இருந்தாக வேண்டும். சாளரத்தை அகட்டிக்கொண்டே போனால் ஒய் மதிப்புகள் கோடி கோடியாக வளர்ந்து, ஒய் அச்சுக்கு எந்த எல்லையை வைப்பது என்றே தெரியாமல் போகும். இங்கே தாளில் ஒரு வரி வேலை செய்ய வேண்டும்: இரு பக்கமும் மடக்கை எடுத்தால், எக்ஸை 2இன் இயல்மடக்கையால் பெருக்கியதிலிருந்து எக்ஸின் இயல்மடக்கையின் பத்து மடங்கைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும் என்றாகிறது. இதை 0 முதல் 60 வரை வரைந்தால் மதிப்புகள் சில பத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 14.4க்கு அருகே ஆழத்தைத் தொட்டு மெல்ல ஏறிவரும் வளைகோடு, சாளரத்தின் வலது ஓரத்தை ஒட்டி அச்சைக் கடக்கிறது. மூலம் காணும் கட்டளையைக் கொடுத்தால் சில நொடிகளில் 58.77 என்று விடை வருகிறது. அந்த இடத்தில் இரண்டு சார்புகளின் மதிப்பும் 10இன் 17ஆம் அடுக்கைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.